வாண்டு கொடுத்த ஓய்வு

பூட்டு உடையவில்லை. கண்ணாடியில் கீறல் இல்லை. செல் வளர்க்கும் கல்ச்சர் ரூமில் இன்குபேட்டர் தன் பாட்டுக்கு இதமான சூட்டில் முனகிக்கொண்டிருந்தது. ஆனாலும் திருட்டு நடந்திருந்தது.

புள்ளி மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டாள். மறுபடி குனிந்தாள்.

இல்லை. ஒன்றுகூட இல்லை.

புள்ளி என்பது ஆராய்ச்சி நிலையம் அவளுக்கு வைத்த பெயர். வருடக்கணக்கில் புள்ளிகளைப் பற்றி மட்டுமே பேசுகிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். அப்புறம் முகத்துக்கு நேரே. இப்போது கட்டிய கணவனே வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

அவள் வளர்ப்பது புற்றுநோய் செல்கள். முன்பின் தெரியாத ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து வந்து, ஃபிளாஸ்க்கின் அடியில் ஒட்டிக்கொண்டு வளர்கிறவை. அவற்றின் மேல் மருந்தை ஊற்றினால் முக்கால்வாசி செத்து மிதக்கும். சில மட்டும் சாகாது. மருந்து எந்த ஒரு புரதத்தைக் குறிவைத்து அடிக்கிறதோ, அந்தப் புரதத்தையே மலைமலையாகச் செய்து குவித்து, 'அடி, எவ்வளவு அடிப்பாய் பார்க்கலாம்' என்று நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். அவ்வளவு புரதம் செய்ய ஒரு ஜீன் போதாது. எனவே அந்த ஜீனையே நகல் எடுத்து, நகலை நகல் எடுத்துப் பெருக்கி வைத்திருக்கும்.

அந்த நகல்களை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஜீன்களுக்கு வீடு குரோமோசோம். பெருகிய நகல்களும் அந்த வீட்டுக்குள்ளேயே சுவரோடு சுவராகப் பூசப்பட்டிருக்கும் என்பது ஒரு கட்சி. 'என் செல்களில் அப்படியில்லை, நகல்கள் வீட்டை விட்டு வெளியே வந்து குட்டிக் குட்டி வளையங்களாகத் தெருவில் திரிகின்றன' என்பது புள்ளியின் கட்சி. செல் இரண்டாகப் பிரியப் போகும் தறுவாயில் பிடித்து, ஸ்லைடில் சொட்டி, சாயம் ஏற்றிப் பார்த்தால் அந்த வளையங்கள் தெரியும். பேனாவை உதறியதில் சிந்திய மை மாதிரி, ஆனால் ஜோடி ஜோடியாக, புள்ளிகள்.

ஆறு மாதத்துக்கு முன் ஒவ்வொரு செல்லிலும் அவை கொட்டிக் கிடந்தன. பிரசவ விடுமுறைக்குப் போகும்போது கண்குளிரப் பார்த்துவிட்டுத்தான் போனாள். போன வாரம் திரும்பி வந்தாள். இன்றைக்குப் புது ஸ்லைடு போட்டாள். குரோமோசோம்கள் பளிச்சென்று இருந்தன. புள்ளிகளைக் காணோம்.

நாளைக்கு வைவா, பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. தேர்வாளராக வருகிறவர் சம்மட்டி.

சம்மட்டி என்பதும் மாணவர்கள் வைத்த பெயர்தான். பெரிய மனிதர். குரோமோசோம் பற்றி அவர் எழுதிய பாடப்புத்தகம் இல்லாத அலமாரி அந்த நிலையத்தில் கிடையாது. புள்ளியின் ஆய்வேட்டைப் படித்துவிட்டு இரண்டே வரி எழுதி அனுப்பியிருந்தார். 'படங்களில் தெரிபவை சாயத் தூசியாக இருக்கலாம். உயிரோடிருக்கும் செல்களிலிருந்து புதிதாகத் தயாரித்த ஸ்லைடை என் கண்ணால் பார்த்த பிறகே பட்டத்தைப் பற்றிப் பேசலாம்.'

நாளைக்கு அந்த மனிதர் வந்து உட்கார்ந்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்து, புள்ளிகள் இல்லாததைப் பார்த்தால்? தூசிதான் என்று அடித்துச் சொல்லிவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடுவார். அவர் தூசி என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதைத் துடைக்க இந்தத் துறையில் ஆள் இல்லை. புள்ளியின் பட்டம், உழைப்பு, பெயர் எல்லாம் அதோடு சரி.

உறைகலத்தில் புள்ளிகளோடு உறையவைத்த பழைய செல்கள் இருந்தன, உண்மைதான். ஆனால் அவற்றை எழுப்பி, தேற்றி, வளர்த்து ஸ்லைடு போட வாரக்கணக்காகும்.

புள்ளி நாற்காலியில் சாய்ந்தாள். பதறுகிற நேரமா இது? ஒவ்வொரு ஆளாக நிறுத்தி விசாரிக்க வேண்டியதுதான்.

முதல் சந்தேகம் சாயத்தின் மேல். வேறு பாட்டில் எடுத்து, வேறு ஸ்லைடுக்கு ஏற்றினாள். குரோமோசோம்கள் முன்னைவிட அழகாகத் தெரிந்தன. புள்ளிகள் இல்லை. சாயம் நிரபராதி.

இரண்டாவது சந்தேகம் கொஞ்சம் பயங்கரமானது. ஆள்மாறாட்டம். செல் வளர்க்கும் இடங்களில் அடிக்கடி நடக்கிற கூத்து அது. ஒரு ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரே ஒரு துளி இன்னொன்றில் தெறித்தால் போதும். வந்த விருந்தாளி வீட்டுக்காரரைத் துரத்திவிட்டுக் குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். இது வேறு யாருடைய செல்லோ?

அதைக் கண்டுபிடிக்க அவளிடம் வழி இருந்தது. அவளுடைய செல்களில் ஒரு குரோமோசோம் உடைந்து இன்னொன்றோடு ஒட்டி, கொக்கி மாதிரி வளைந்து கிடக்கும். வேறு யார் செல்லிலும் அது இல்லை. ஒவ்வொரு செல்லாகத் தேடினாள். இதோ கொக்கி. இதோ இன்னொரு செல்லில் கொக்கி. எல்லாவற்றிலும் கொக்கி.

ஆக, செல் அவளுடையதுதான். வீடு அதே வீடு. வீட்டுக்காரர் அதே வீட்டுக்காரர். உள்ளே இருந்த பொருள் மட்டும் மாயம்!

அப்போதுதான் இன்னொன்று சுருக்கென்று தைத்தது. போன வாரம் வந்ததும் வழக்கம்போல் மருந்து போட்டாள். மறுநாளிலிருந்து செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்து மிதந்தன. இன்குபேட்டர் சூடு சரியில்லை என்று நினைத்து அதைத் திட்டித் தீர்த்தாள். பாவம், இன்குபேட்டர் என்ன செய்யும்? அந்த மருந்தைத் தண்ணீர் மாதிரி குடித்து வளர்ந்த செல்கள், திடீரென்று அதற்குப் போய் ஏன் சாக வேண்டும்?

நகல்கள் போய்விட்டன. அதனால் சாகின்றன. நகல்கள் ஏன் போயின?

ஆறு மாதமாக அந்த ஃபிளாஸ்க்குகளைத் தொட்ட கை ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணி! டீ ஆறுது. எவ்வளவு நேரந்தான் குனிஞ்சே இருப்பீங்க? கழுத்து சுளுக்கிக்கப் போகுது!"

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, இரண்டு கையிலும் கோப்பையோடு உள்ளே வந்தாள் வாண்டு.

வாண்டு புள்ளியின் நாத்தனார். கல்ச்சர் ரூம் அவள் ராஜ்ஜியம். ஒரு மழை நாளில் தன் தோழி புள்ளியை வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்லி அண்ணனை ஸ்கூட்டரோடு வரவழைத்து, அப்புறம் மழை இல்லாத நாட்களிலும் வரவழைத்து, கல்யாணத்தில் கொண்டுபோய் நிறுத்தியவளே அவள்தான். அதுவரை 'அக்கா'. அன்றிலிருந்து 'அண்ணி'. மற்றபடி சண்டை, சமாதானம், ஒருத்தி சட்டையை ஒருத்தி போட்டுக்கொள்வது எதிலும் மாற்றமில்லை.

"வாண்டு, உக்காரு. ஒண்ணு கேக்கறேன், பயப்படாம சொல்லு."

"இப்படி ஆரம்பிச்சா எவ பயப்படாம இருப்பா?"

"நான் லீவுல இருந்தப்ப என் செல்லுக்கு மருந்து போட்டியா?"

வாண்டின் முகம் மலர்ந்தது. ரொம்ப நாளாக இந்தப் பாராட்டுக்குக் காத்திருந்தவள் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அதை ஏன் கேக்கறீங்க! நீங்க போன மறுநாள் அதுங்க இருந்த இருப்பைப் பாக்கணுமே. பாதி மிதக்குது. மீதி ஒட்டிக்கிட்டு, உசிரைக் கையில பிடிச்சிட்டுக் கிடக்கு. நீங்க என்ன சொல்லிட்டுப் போனீங்க? 'என் பிள்ளை மாதிரி பாத்துக்கோ'ன்னீங்க. அதான் கொஞ்சம் ஓய்வு குடுத்தேன்."

நொந்துபோன செல்களுக்கு மருந்தை நிறுத்தி, வெறும் சத்து நீரை மட்டும் கொடுத்துத் தேற்றுவது கல்ச்சர் ரூமில் எல்லோரும் செய்வதுதான். அதற்குப் பெயரே ஓய்வு. இரண்டு நாள் கொடுப்பார்கள். மிஞ்சிப் போனால் நாலு நாள்.

"கொஞ்சம்னா எவ்வளவு நாள்?"

"ம்... நல்லா தேறிட்டு வந்துச்சு அண்ணி. சரி, இன்னும் கொஞ்சம் தேறட்டும்னு விட்டேன். அப்புறம் அதுங்க வளர்ந்த வேகத்தப் பாத்துட்டு..."

"எவ்வளவு நாள்டி?"

"நீங்க வர்ற வரைக்கும்."

போனில் புள்ளி கேட்ட போதெல்லாம் 'கொழுகொழுன்னு இருக்கு அண்ணி' என்று வாண்டு சொன்னதும், பால் குடிக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு 'அப்பாடா' என்று தான் பூரித்ததும் நினைவுக்கு வந்தன. கொழுகொழுவென்று இருந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா?

"ஆறு மாசமா!" என்றாள். குரல் அவளை மீறிக் கிளம்பியது. "ஆறு மாசமா மருந்தே போடலையா? நீ என்ன, மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாப்பிள்ளையையா கவனிச்ச? கேன்சர் செல்லுடி அது! ஓய்வு குடுத்தாளாம், ஓய்வு! நாளைக்கு சம்மட்டி வந்து பாத்தா அங்க ஒண்ணுமே இல்ல. எல்லாம் போச்சு! ஒண்ணு விடாமப் போச்சு!"

வாண்டு கோப்பையை மேசையில் வைத்தாள். மலர்ந்திருந்த முகம் அப்படியே இருந்தது. அதைச் சுருக்கவேண்டும் என்பதுகூட அவளுக்கு ஒரு கணம் எட்டவில்லை.

"நானா?" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

அன்று மாலை வீட்டில் கணவன் கதவைத் திறந்தபோது தோளில் குழந்தை, இடுப்பில் துண்டு, கையில் கரண்டி. கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் நடுங்குவார்கள் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

"என்ன நடந்துச்சு? வாண்டு வந்தா, கதவைச் சாத்திக்கிட்டா. சாப்பாடு வேணாமாம். நீ இப்படி வர்ற. வீட்டுல ரெண்டு விஞ்ஞானி இருந்தா குழம்பு யார் தாளிக்கிறதுன்னு ஏற்கெனவே தெரியும். சண்டையும் நான்தான் தீர்க்கணுமா?"

புள்ளி சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டுக் கணவன் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றினான்.

"பழைய ஸ்லைடு இருக்குல்ல? புள்ளியோட?"

"இருக்கு."

"அதையே புதுசுன்னு வெச்சிட்டா அவருக்கு வித்தியாசம் தெரியுமா?"

"தெரியாது."

பிள்ளை ஏதோ சொல்லி எச்சில் வடித்தது. புள்ளி அதைத் துடைத்துவிட்டாள்.

"வேணாம்," என்றாள் புள்ளி கடைசியில். "தூசி இல்ல தூசி இல்லன்னு இத்தனை வருஷம் கத்தினவ நான். நானே அந்த மனுஷன் கண்ணுல மண்ணைத் தூவவா?"

"கேட்டுப் பாத்தேன். நீ சரின்னு சொல்லியிருந்தாதான் எனக்குப் பயம் வந்திருக்கும்," என்று அவன் அடுப்பைப் பார்க்கப் போனான்.

புள்ளி வாண்டின் அறைக் கதவைத் தட்டினாள். கதவோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"வாண்டு. கத்தினது தப்பு. கதவைத் திற."

"நீங்க கத்தினது தப்பில்ல. நான்தான் கொன்னுட்டேன்." மூக்கடைத்த குரல். "ஆனா சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி. மருந்தை நிறுத்தினா ஜீன் எங்க போயிடும்? அது என்ன, பையில வெச்ச சில்லறையா, ஓட்டை வழியா விழறதுக்கு? சம்மட்டி புத்தகத்துலயே கட்டம் கட்டிப் போட்டிருக்கே, ஒரு தடவ பெருகினா பெருகினதுதான், தலைமுறை தலைமுறையா அப்படியே இருக்கும்னு. அதைப் படிச்சிட்டுத்தான் தைரியமா விட்டேன். நானா இஷ்டத்துக்குப் பண்ணுவேனா?"

புள்ளி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்ன சொன்ன?"

"புத்தகத்துல இருக்குன்னேன்."

"இன்னொரு தடவ சொல்லு."

"அண்ணி, ஏற்கெனவே அழுதுட்டிருக்கேன். வேற பரீட்சை வெக்காதீங்க."

கதவுக்கு வெளியே புள்ளி சிரித்தாள். முதலில் மெதுவாக. அப்புறம் கணவன் கரண்டியோடு எட்டிப் பார்க்கிற அளவுக்கு. கதவு ஒரு விரற்கடை திறந்தது. இடுக்கில் வாண்டின் சிவந்த கண் ஒன்று தெரிந்தது.

"இவங்களுக்கு முத்திடுச்சுண்ணா," என்றது கண்.

"நாளைக்கு நல்ல சட்டையா போட்டுக்கோ. நீயும் வைவாவுக்கு வர்ற," என்றாள் புள்ளி.

மறுநாள் காலை. மைக்ராஸ்கோப் அறையில் நாலு பேர்தான். ஓரமாகப் புள்ளியின் கைடு, எதற்கும் 'பாத்துக்கலாம்' என்கிற சாது மனிதர், இன்றைக்கு அதையும் சொல்லாமல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோடு சுவராக வாண்டு. நடுவில் சம்மட்டி.

குள்ளமான, தும்பைப் பூ மாதிரி தலை நரைத்த மனிதர். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். குனிந்தார். ஸ்லைடு ஒரு நூல், இன்னொரு நூல் என்று நகர்ந்தது.

"ஏம்மா," என்றார் குனிந்தபடியே. "எங்க உங்க வளையம்?"

"போயிடுச்சு சார்."

சம்மட்டி நிமிர்ந்தார். "போயிடுச்சா? கடைக்குப் போயிருக்கா?"

கைடு கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் ஆறு மாசம் லீவுல இருந்தேன் சார். செல்லை வளர்த்தது இவங்க. என் நாத்தனார். செல் நலிஞ்சு போச்சுன்னு மருந்தை நிறுத்தி ஓய்வு குடுத்திருக்காங்க. ஆறு மாசமும். இப்ப வளையம் இல்ல. போன வாரம் மறுபடி மருந்து போட்டேன், கொத்துக் கொத்தா சாகுது. செல் மாறிப் போகல. வளைஞ்ச குரோமோசோமைப் பாருங்க, எல்லாத்துலயும் இருக்கும்."

"பாத்தேன். கொக்கி." சம்மட்டி வாண்டின் பக்கம் திரும்பினார். "ஆறு மாசம் மருந்தை நிறுத்தலாம்னு உங்களுக்கு யார் சொன்னது?"

வாண்டு அண்ணியைப் பார்த்தாள். புள்ளி தலையாட்டினாள்.

"நீங்கதான் சார்."

"நானா?"

"உங்க புத்தகம். பெருகின ஜீன் தலைமுறை தலைமுறையா நிலைச்சிருக்கும்னு கட்டம் கட்டி... நான் அடிக்கோடுகூடப் போட்டு வெச்சிருக்கேன் சார்."

கைடுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"சார்," என்றாள் புள்ளி. "நீங்க எழுதினது சரின்னா இவ செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல. ஜீன் குரோமோசோமுக்குள்ள பூசி இருந்திருந்தா, செல் பிரியும்போது ரெண்டு பிள்ளைக்கும் சரிபாதியா, பத்திரம் எழுதின மாதிரி போய்ச் சேர்ந்திருக்கும். ஆறு மாசம் என்ன, ஆறு வருஷம் ஓய்வு குடுத்திருந்தாலும் அப்படியே இருந்திருக்கும். இருக்கல. ஏன்னா வளையத்துக்குப் பத்திரம் கிடையாது. குரோமோசோமைப் பிடிச்சு இழுக்கற கயிறு வளையத்தைப் பிடிக்காது, அதுல பிடியே இல்ல. பிரியற நேரத்துல எது எந்தப் பக்கம் கிடக்குதோ அந்தப் பக்கம் போகும். ஒருத்தன் அள்ளிட்டுப் போவான், ஒருத்தன் வெறுங்கையோட நிப்பான். மருந்து இருக்கிற வரைக்கும் வெறுங்கைக்காரன் செத்தான். இவ மருந்தை நிறுத்தினா. சுமை இல்லாதவன் வேகமா வளர்ந்தான், சுமக்கிறவன் பின்தங்கிட்டான். அவ்வளவுதான் சார். இவ செஞ்சது தப்பாப் போனதுக்கு ஒரே காரணம், நான் சொன்னது சரிங்கறதுதான்."

கைடின் இருமல் நின்றது.

சம்மட்டி மூக்கைத் தடவினார். "பேச்சு நல்லா இருக்கு. ஆனா பேச்சுக்குப் பட்டம் குடுக்கறது வேற டிபார்ட்மெண்ட். முன்னாடி இருந்தது தூசி. இப்ப சுத்தமாத் துடைச்சிட்டீங்க, அதான் தூசி இல்லைன்னு நான் சொன்னா?"

புள்ளி கைடைப் பார்த்தாள். அவர் மறுபடி நகத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

"சரி, உங்க வாதப்படியே வரேன்," என்றார் சம்மட்டி. "மருந்து மறுபடி போட்டு ஒரு வாரம் ஆச்சுன்னீங்க. வெறுங்கைக்காரங்க சாகறாங்க. அப்ப மிச்சம் மீதி வளையம் வெச்சிருந்தவன் எவனாவது இருந்தா, பிழைச்சிருக்கணும். இந்த ஸ்லைடுல இருக்கணும்."

"இருக்கணும் சார். நேத்தெல்லாம் தேடினேன். கிடைக்கல."

"பதட்டத்துல தேடினா சொந்த செருப்பே கிடைக்காது," என்று சம்மட்டி மறுபடி குனிந்தார்.

தேடினார். விடாமல் தேடினார். தான் சொன்னது சரி என்று நிரூபிக்கத் தேடுகிறாரா, இவள் சொன்னது சரியா என்று பார்க்கத் தேடுகிறாரா என்பது அவர் முதுகைப் பார்த்துத் தெரியவில்லை. ஒரு ஸ்லைடு முடிந்தது. கையை நீட்டினார். வாண்டு அடுத்ததைக் கொடுத்தாள். அதுவும் முடிந்தது. கை நீண்டது. கைடு ஒருமுறை காபி வேண்டுமா என்று கேட்டு, பதில் வராமல் தானே குடித்தார். புள்ளி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாண்டு சுவரை விட்டு நகர்ந்து வந்து, யாருக்கும் தெரியாமல் அண்ணியின் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்லைடு நின்றது.

நகரவில்லை. சம்மட்டியின் கை ஃபோகஸ் திருகை மட்டும் மயிரிழை மயிரிழையாகத் திருப்பியது.

"அடடே," என்றார்.

வாண்டு அண்ணியின் விரலை இறுக்கினாள்.

"அடடடடே! யாரு, நீயா? எங்கப்பா ஒளிஞ்சிட்டிருந்த?" பேரப்பிள்ளையைக் கட்டிலுக்கடியில் கண்டுபிடித்த குரல் அது. "ஏம்மா, வாங்க. இல்ல, நீங்க அப்புறம். முதல்ல அந்தப் பொண்ணு வரட்டும். ஓய்வு குடுத்த பொண்ணு."

வாண்டு குனிந்தாள்.

"என்ன தெரியுது?"

"நடுவுல ஒரு செல் சார். கொக்கி இருக்கு. சுத்தி... சுத்திப் பூராப் புள்ளி சார்! ஜோடி ஜோடியா!"

"பக்கத்து செல்?"

"சுத்தமா இருக்கு."

"அதுக்குப் பக்கத்துல? இடையில வெத்து இடத்துல?"

"ஒண்ணும் இல்ல சார்."

சம்மட்டி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஒரே ஸ்லைடு. ஒரே சாயம். தூசின்னா ஊருக்கெல்லாம் பொதுவா விழும். ஒருத்தன் வீட்டுக்குள்ள மட்டும் போய், அதுவும் ஜோடி போட்டுக்கிட்டு உக்காராது." விரலால் மேசையைத் தட்டினார். "தூசி இல்ல."

புள்ளி வாண்டைக் கட்டிக்கொண்டாள்.

"ரொம்ப சந்தோஷப்படாதீங்க," என்றார் சம்மட்டி உடனே. "ஒரு செல்லை வெச்சு ஊர்வலம் போக முடியாது. நடந்தது விபத்து. விபத்தை ஆய்வேட்டுல எழுத முடியாது, அதையே வேணும்னு செஞ்சு காட்டணும். உறைகலத்துல பழைய செல் இருக்கில்ல? அதை எழுப்புங்க. ரெண்டாப் பிரிங்க. ஒண்ணுக்கு மருந்து, ஒண்ணுக்கு ஓய்வு. மாசாமாசம் ஸ்லைடு போட்டு எண்ணுங்க. அந்த அத்தியாயத்தைச் சேர்த்துக் கொண்டு வாங்க, கையெழுத்துப் போடறேன். பட்டம் உண்டு. இன்னிக்கு இல்ல."

"சார், இது நோயாளிங்களுக்கு... மருந்தை நிறுத்தி நிறுத்திக் குடுத்தா மறுபடி வேலை செய்யுமா?" என்றாள் புள்ளி.

"அவசரப்படாதீங்க. ஃபிளாஸ்க்குல நடக்கறது உடம்புல நடக்கும்னு யாரும் உத்தரவாதம் குடுக்கல. அந்த ஒருத்தன் ஒளிஞ்சிட்டிருந்தான் பாத்தீங்கல்ல? உடம்புல அந்த மாதிரி ஒருத்தன் போதும். முதல்ல எண்ணுங்க." பையை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று வாண்டைப் பார்த்தார். "அந்தக் கட்டம் எத்தனாவது பக்கம்மா?"

"பாக்காமச் சொல்லத் தெரியல சார். நீல மையில அடிக்கோடு போட்டிருக்கேன்."

"கிழிச்சுடாதீங்க. குரோமோசோமுக்கு உள்ள பெருகினா அது சரிதான். வெளிய பெருகினதுக்கு ஒரு வரி சேர்க்கணும். அடுத்த பதிப்பு வரட்டும்."

அவர் போனதும் கைடு நெஞ்சில் கை வைத்து, "நான்தான் பாத்துக்கலாம்னு சொன்னேனே," என்றார். அன்றைக்கு அவர் அப்படிச் சொல்லவேயில்லை. யாரும் திருத்தவில்லை.

வாரங்கள் கழிந்து, உறைகலத்திலிருந்து எழுப்பிய செல்கள் ஃபிளாஸ்க்கில் ஒட்டி, மருந்தைக் குடித்து, புள்ளியும் பொலிவுமாக வளர்ந்துவிட்ட ஒரு மத்தியானம், கல்ச்சர் ரூமில் மறுபடி குடும்பச் சண்டை தொடங்கியது.

"ஓய்வு ஃபிளாஸ்க் எனக்கு," என்றாள் வாண்டு.

"நடக்காது. உன்னை நம்பி ஓய்வைக் குடுத்தா பக்கத்து ஃபிளாஸ்க்குக்கும் சேர்த்துக் குடுப்ப. நீ மருந்து."

"நான் எப்படி அண்ணி ஊத்துவேன்? முழிச்சு முழிச்சுப் பாக்குதுங்க!"

"கண்ணே கிடையாதுடி அதுக்கு!"

"உங்களுக்குத் தெரியாது. ஆறு மாசம் கூட இருந்தவ நான்."

"நான் மட்டும் என்ன, நாலு வருஷமாக் கூட இருக்கேன். என் உசிரை வாங்கினதுதான் மிச்சம். பைப்பெட்டைப் பிடி."

வாண்டு பெருமூச்சு விட்டாள். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். மருந்தை உறிஞ்சி, ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்து, பைப்பெட் நுனியை உள்ளே கொண்டுபோனாள். உதடு ஏதோ முணுமுணுத்தது. மன்னிப்புக் கேட்கிறாளோ என்னவோ. கண்ணை இறுக மூடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

புள்ளி அவள் தாடையைப் பிடித்து நேராகத் திருப்பினாள். அப்படியே கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினாள், செல்லமாகத்தான்.

"கண்ணத் தொறந்துட்டு ஊத்துடி!"